அடுப்பு மாற்றும் படலம்

வீட்டில் எந்தச் சாமான் வேண்டுமானாலும் கெட்டுப் போகலாம். மின்சார விசிறி நின்றால் பனையோலை விசிறியைத் தேடி எடுத்துக் கொள்கிறோம். கடிகாரம் நின்றால் பக்கத்து வீட்டில் மணி கேட்டுக் கொள்கிறோம். டெலிவிஷன் பேசாமல் போனாலோ, வீட்டிலுள்ளவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசிக் கொள்ளக்கூட ஆரம்பித்து விடுகிறார்கள்! ஆனால் அடுப்பு மட்டும் ஒரு நாள் மக்கர் பண்ணட்டும். குடும்பச் சக்கரமே நின்று விடுகிறது. காலை ஆறு மணிக்குக் காப்பி வராத வீட்டில் யார் முகத்தில் யார் விழிப்பது?

அந்த ஆறு மணிக்கும் ஆறரை மணிக்கும் இடையில் வீட்டில் மூன்று கட்சிகள் உதயமாகி விடுகின்றன. "இதுக்கு ஒண்ணுமில்லை, ஒரு ஊசி கொண்டா" என்பது ரிப்பேர்க் கட்சி. இதன் தலைவர் பெரும்பாலும் வீட்டு எஜமானர். இதற்கு முன் அவர் அந்த அடுப்பின் பக்கமே வந்தவரல்ல. "இந்தப் பழசைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிசா ஒண்ணு வாங்குங்கோ" என்பது புதுசுக் கட்சி. "இன்னிக்கு ஹோட்டல்தானே?" என்று கண்ணில் ஒளியுடன் கேட்பது குழந்தைகள் கட்சி. மூன்றாவது கட்சிதான் அன்றைக்கு ஜெயிக்கிறது என்று சொல்லவும் வேண்டுமா?

மற்ற இரண்டு கட்சிகளில் எது சரி என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கலாம்.

அடுப்பு "போய்விட்டது" என்று நாம் சொல்லும் பல சமயங்களில் அது போகவில்லை. அடைத்துக் கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காஸ் அடுப்பு வேலை செய்கிற விதம் ரொம்ப எளிது. சிலிண்டரிலிருந்து ரெகுலேட்டர் வழியாக வரும் வாயு, ஜெட் என்னும் சின்னப் பித்தளைத் திருகிலுள்ள ஊசிமுனைத் துவாரத்தால் வேகமாகப் பீய்ச்சி வருகிறது. வருகிற வேகத்தில் பக்கத்திலுள்ள காற்றையும் இழுத்துக் கொண்டு பர்னரின் குழலுக்குள் போகிறது. இரண்டும் சரியாகக் கலந்து எரிந்தால் நீலச் சுடர். காற்றுப் போதாவிட்டால் மஞ்சள் சுடர். மஞ்சள் சுடர் எரிகிற வீட்டில் பாத்திரத்தின் அடி கறுக்கும், காஸும் வீணாகும்.

காற்று ஏன் போதாமல் போகிறது? பொங்கி வழிந்த பாலும் சாம்பாரும் பர்னரின் துளைகளில் இறுகிப் போயிருக்கலாம். அல்லது, சில நாள் ஊருக்குப் போயிருந்த சமயம் பார்த்துச் சிலந்தியார் அந்தக் குழலுக்குள் குடக்கூலி இல்லாமல் குடியேறியிருக்கலாம்! பர்னரைக் கழற்றி, வெந்நீரும் சோப்பும் விட்டுத் தேய்த்து, துளைகளை ஊசியால் குத்தி, ஈரம் போக நன்றாகக் காயவைத்து மாட்டினால் பல அடுப்புகள் மறுபடியும் யௌவனம் பெற்று விடும். ஆனால் ரிப்பேர்க் கட்சித் தலைவருக்கு ஒரு வேண்டுகோள். பர்னரைக் குத்துங்கள், ஜெட்டைக் குத்தாதீர்கள். அதன் துவாரம் அளவு பார்த்துப் போட்டது. ஊசியால் அதை ஒரு மயிரிழை பெரிதாக்கினாலும் வாயு அதிகமாக வந்து, மஞ்சள் சுடர் நிரந்தரமாகி விடும். திருகு இறுகிப் போயிருந்தால் உள்ளேயிருக்கும் கிரீஸ் வறண்டிருக்கும். அது மெக்கானிக்கின் வேலை. குறடு கொண்டு மல்லுக் கட்டுவது நம் வேலையல்ல.

சரி, எப்போது புதுசுக் கட்சியின் பக்கம் சாய வேண்டும்? திருகை முழுக்க மூடிய பிறகும் சுடர் முழுக்க அணையாமல் இருந்தால். மெக்கானிக் வந்து பார்த்த பிறகும் வாயுக் கசிவு நிற்காவிட்டால். பர்னர் தேய்ந்து, சுடர் 'டப்' என்று குழலுக்குள் திரும்பி ஓடினால். தாங்கி உடைந்து, குழம்புச் சட்டி ஒரு பக்கம் சாய்ந்தால். மேல் கண்ணாடியில் ஒரு கீறல் விழுந்தாலும் சரி, அந்த அடுப்புக்கு விடை கொடுத்துவிட வேண்டியதுதான். கீறல் விட்ட கண்ணாடி இன்றைக்குத் தாங்கும். நாளைக்குத் தாங்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கசிவு என்ற வார்த்தை வந்துவிட்டதால் அதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. சமையல் வாயுவுக்கு இயற்கையில் வாசனை கிடையாது. கசிந்தால் நமக்குத் தெரிய வேண்டுமென்றே அந்த நாற்றத்தைச் சேர்க்கிறார்கள். அது காற்றைவிடக் கனமானது. ஆகையால் புகையைப் போல மேலே போகாமல் தண்ணீரைப் போலத் தரையில் படிந்து நிற்கும். நாற்றம் வந்தால் ரெகுலேட்டரை மூடுங்கள். கதவு, ஜன்னல்களைத் திறந்து விடுங்கள். மின்சார ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பூஜை அலமாரியில் சுவாமி விளக்கு எரிந்து கொண்டிருக்கிறதா என்று பாருங்கள்; அதை நாம் மறந்தே போவோம். பிறகு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் பண்ணுங்கள். கசிவு எங்கேயென்று தீக்குச்சி கிழித்துப் பார்க்கிற தைரியசாலிகள் நம் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். சோப்பு நுரையைத் தடவிப் பார்த்தாலே போதும். குமிழி கிளம்புகிற இடம்தான் கசிவு.

* * *

இனிப் புது அடுப்பு. நம் வீடுகளில் அடுப்பு மாறுவது புதிய சங்கதியல்ல. விறகடுப்பும் கொடியடுப்பும் இருந்த சமையற்கட்டில் கரி போடும் குமுட்டி வந்தது. மரத்தூள் அடுப்பு வந்தது. 1892-ம் வருஷம் ஸ்வீடன் தேசத்தில் லிண்ட்குவிஸ்ட் என்பவர் புகையில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைச் செய்தார். பிரைமஸ் என்ற பெயரில் உலகமெல்லாம் சுற்றிய அதன் வம்சம்தான், நம் பாட்டிமார் 'உஸ்ஸ்' என்ற சத்தத்துக்குப் பயந்து எட்ட நின்று பம்ப் அடித்த ஸ்டவ். அப்புறம் திரி ஸ்டவ். பம்பாயில் 1955-ல் சிலிண்டர் காஸ் விற்பனைக்கு வந்தது. 1965-ல் கல்கத்தாவில் இந்தேன் முதல் இணைப்பைக் கொடுத்தது. அதற்குப் பிறகு ஊர் ஊராக, தெருத் தெருவாக, ஊதாங்குழல் பரண் மேல் ஏறிற்று.

ஒவ்வொரு தடவையும் ஆட்சேபம் கிளம்பத்தான் செய்தது. "விறகடுப்பிலே வெந்த சாதத்து ருசி வருமா?" என்றார்கள். வந்ததோ இல்லையோ, கண் எரிச்சலும் இருமலும் போனதில் யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் இந்த மாற்றங்களுக்கெல்லாம் நடுவில் ஒன்று மட்டும் மாறவில்லை. அதைத்தான் நாம் கவனிப்பதில்லை. விறகடுப்பில் ஏறிய அதே வெங்கலப் பானைதான் குமுட்டியிலும் ஏறிற்று, பம்ப் ஸ்டவ்விலும் ஏறிற்று, காஸிலும் ஏறிற்று. தீ என்பது எந்தப் பாத்திரத்தையும் "நீ யார்?" என்று கேட்டதில்லை.

இன்றைக்குக் கடையில் கண்ணாடிப் பலகை போலப் பளபளவென்று உட்கார்ந்திருக்கிறதே இண்டக்ஷன் அடுப்பு, அது கேட்கிறது! அதன் கண்ணாடிக்கு அடியில் செம்புக் கம்பிச் சுருள் ஒன்று இருக்கிறது. அதில் வினாடிக்குப் பல்லாயிரம் தடவை திசை மாறுகிற மின்சாரம் ஓடுகிறது. அதனால் உண்டாகும் காந்த சக்தி, மேலே வைத்த பாத்திரத்தின் அடியிலேயே மின்சாரத்தைச் சுழல வைத்து, பாத்திரத்தையே சூடாக்குகிறது. அடுப்பு எரிவதில்லை, பாத்திரம்தான் அடுப்பாகிறது. இதற்குப் பாத்திரத்தின் அடி தட்டையாக இருக்க வேண்டும். காந்தம் ஒட்டுகிற உலோகமாக இருக்க வேண்டும். குலம் கோத்திரம் விசாரித்த பிறகே பெண்ணெடுக்கிற சம்பந்தி மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்களேன்!

இந்த விசாரணை எங்கள் அத்தை வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

அத்தைக்கு வயது எழுபத்தாறு. கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். அவளுடைய காஸ் அடுப்பின் திருகு சரியாக மூடாமல் தகராறு செய்து கொண்டிருந்தது. பெங்களூரிலிருந்து இரண்டு நாள் லீவில் வந்த அத்தான், கையோடு ஓர் இண்டக்ஷன் அடுப்பை வாங்கிக் கொண்டு வந்திருந்தார். நானும் அன்றைக்கு அங்கே இருந்தேன்.

"அம்மா, இதிலே தீயே கிடையாது. நீ மறந்து போனாக்கூட நேரம் பார்த்துத் தானே நின்னுடும்" என்றார் அத்தான், பெட்டியைப் பிரித்துக் கொண்டே.

"தீயே இல்லேங்கறே, அப்புறம் அதுக்கு அடுப்புன்னு எதுக்குடா பேரு?" என்றாள் அத்தை.

அத்தான் சிரித்துக் கொண்டே, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டியிருந்த சின்னப் பிள்ளையார் பொம்மையைக் கையில் எடுத்தார். பொம்மையின் முதுகில் காந்தம் இருந்தது. "பிள்ளையார் எதிலே ஒட்டிக்கிறாரோ, அந்தப் பாத்திரம் இந்த அடுப்புக்கு ஆகும்" என்றார்.

பிள்ளையார் சமையலறைப் பிரதட்சிணம் கிளம்பினார். தோசைக்கல்லில் ஒட்டிக் கொண்டார். இரும்பு வாணலியிலும் ஒட்டிக் கொண்டார். ஆனால் வாணலியின் அடி உருண்டை, தட்டைக் கண்ணாடியில் அது ஆடிற்று. வெங்கலப் பானையில் வைத்தார்கள், நழுவி விழுந்தார். பித்தளை அடுக்கில் விழுந்தார். அலுமினியக் குக்கரில் விழுந்தார். கல்சட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டியதே இல்லை. எவர்சில்வரில் சிலவற்றை ஏற்றுக் கொண்டார்; சிலவற்றை மறுத்து விட்டார். எவர்சில்வரில் காந்தம் ஒட்டும் ரகமும் உண்டு, ஒட்டாத ரகமும் உண்டு என்பது பலருக்குத் தெரியாது. கடைசியில் ஈயச் சொம்பு. அதில் ரசம் வைக்காமல் அத்தை ஒரு நாள் சாப்பிட்டதில்லை. அதிலும் பிள்ளையார் ஒட்டவில்லை.

அத்தை ஒவ்வொரு பாத்திரமாக எடுத்துப் பழைய இடத்தில் வைத்தாள். "இதெல்லாம் எனக்குச் சீர் கொடுத்த பாத்திரம். இதெல்லாம் இந்தப் பெட்டிக்கு ஆகாதுன்னா, அடுத்தபடி நானும் இந்தச் சமையலறைக்கு ஆகாதவள்னுதானே அர்த்தம்? அப்புறம், 'வா அம்மா, பெங்களூருக்கு'ம்பே."

அத்தான் முகம் மாறி விட்டது. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாக, "போன மாசம் பால் பொங்கி, தீ அணைஞ்சு, காஸ் மட்டும் வந்துண்டிருந்ததாமே. எதிர் வீட்டு மாமி சொன்னாள். அது இரண்டாவது தடவை. அன்னிலேருந்து எனக்கு அங்கே ராத்திரி தூக்கம் வரலை, அம்மா" என்றார்.

இரண்டு பேர் சொன்னதிலும் பிசகு இல்லை. அத்தை பயந்தது அடுப்புக்காக அல்ல. அந்த வீட்டில் தன் கையால் சமைத்துச் சாப்பிடுகிற சுதந்திரத்துக்காக. அத்தான் பயந்தது பாலுக்காக அல்ல.

கடைசியில் அத்தை ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "என் அடுப்பை மாத்தறதுன்னா, என்னை ஒரு வார்த்தை கேக்கக் கூடாதாடா?"

"தப்புதான். இப்போ கேக்கறேன். உனக்கு எப்படி வேணும்?" என்றார் அத்தான்.

மறுநாள் காலை அவர் சமையலறையில் ஒரு முக்காலியைப் போட்டுக் கொண்டு, அத்தை சமைப்பதை ஆரம்பம் முதல் முடிவு வரை பார்த்தார். சாதம் வைத்தால் அவள் நகருவதில்லை. ரசம் நுரைத்து வரும் வரை நகருவதில்லை. அப்பளம் சுடும்போது கேட்கவே வேண்டாம். பால் ஒன்றை மட்டும்தான் அடுப்பில் ஏற்றிவிட்டு, வாசலில் பூக்காரி குரலுக்குப் போய் விடுகிறாள். அபாயம் அடுப்பில் முழுக்க இல்லை, பாலில் இருக்கிறது என்று தெரிந்தது. அப்புறம் தீர்மானம் பண்ணுவது சிரமமாக இல்லை. பாலுக்கும் வெந்நீருக்கும் இண்டக்ஷன். தட்டை அடிப் பாத்திரம் ஒன்று, நேரம் வைத்தால் தானே நின்று விடும். மற்றதெல்லாம் காஸில். அந்தக் காஸ் அடுப்பும், சுடர் அணைந்தால் வாயுவைத் தானே நிறுத்துகிற பாதுகாப்பு அமைப்போடு இருக்க வேண்டும். சுடரின் சூட்டை உணரும் சின்னக் கம்பி ஒன்று பர்னர் பக்கத்தில் நிற்கும். அது ஆறினால் வழி அடைபட்டு விடும். எல்லா அடுப்பிலும் இது இருப்பதில்லை. வாய்விட்டுக் கேட்டுத்தான் வாங்க வேண்டும்.

* * *

அன்று சாயங்காலம் பெரிய கடைத் தெருவுக்குப் போனோம். அத்தை கையில் ஒரு பை. பைக்குள் வெங்கலப் பானையும் ஈயச் சொம்பும்! கடைப் பையன் முதலில் சிரித்தான். அத்தை ஒவ்வோர் அடுப்பாக அவற்றை ஏற்றி இறக்கிப் பார்க்க ஆரம்பித்ததும் அவன் சிரிப்பு நின்று விட்டது. "பாட்டிம்மா சொல்றதும் சரிதாங்க" என்று அவனே கூடமாட எடுத்து வைத்தான். அத்தை அங்கே பார்த்துப் பார்த்துக் கேட்டவற்றோடு, நான் அறிந்தவற்றையும் சேர்த்து வாசகர்களுக்குச் சொல்லி விடுகிறேன்.

முதலாவது, இடம். மூன்று பர்னர், நான்கு பர்னர் என்றால் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பர்னர்களுக்கு நடுவே இருக்கிற இடைவெளியைப் பாருங்கள். ஒரு பக்கம் குக்கரும் இன்னொரு பக்கம் வாணலியும் ஏறினால், நடுப் பர்னர் வெறும் அலங்காரமாகி விடுகிற அடுப்புகள் உண்டு. உங்கள் வீட்டில் மிகப் பெரிய இரண்டு பாத்திரங்களின் குறுக்களவை ஒரு நூலால் அளந்து எடுத்துக் கொண்டு போங்கள். மேடையின் நீள அகலத்தையும் அளந்து கொள்ளுங்கள்.

இரண்டாவது, தாங்கி. இட்லிப் பானை நிறையத் தண்ணீரோடு உட்கார்ந்தால் அசையக் கூடாது. சின்னக் காப்பிப் பாத்திரம் வைத்தால் கம்பிகளுக்கு நடுவே கவிழக் கூடாது. இரண்டையும் தாங்குவதே தாங்கி.

மூன்றாவது, உடம்பு. கண்ணாடி மேல்தளம் பார்க்க அழகு, துடைக்கவும் சுலபம். பதப்படுத்திய கண்ணாடிதான் என்றாலும், அது வெகுவாகச் சூடேறியிருக்கையில் குளிர்ந்த தண்ணீர் கொட்டினாலும், கனமான பாத்திரம் விளிம்பில் இடித்தாலும் பொல பொலவென்று உடைந்து போகலாம். எவர்சில்வர் அடுப்பு நசுங்கும், கறைபடும், உடையாது. குழந்தைகளும் வெங்கலப் பானையும் உள்ள வீட்டுக்கு எது தேவை என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. பர்னர் கனமான பித்தளையாக இருந்தால் நீண்ட நாள் உழைக்கும்.

நான்காவது, கை. அத்தை எந்த அடுப்பையும் பற்ற வைத்துப் பார்க்கவில்லை; திருகை மட்டும் இருபது தடவை திருகிப் பார்த்தாள். மூட்டு வலி உள்ள விரலுக்கு அமுக்கித் திருகுகிற குமிழ் பெரிய விஷயம். தானே பற்றிக் கொள்கிற அடுப்பானால் லைட்டர் தேடும் வேலை மிச்சம். ஆனால் அதில் பாட்டரி போடுகிற ரகமும் உண்டு, போடாத ரகமும் உண்டு. எது என்று கேட்டுக் கொள்ளுங்கள். உயரத்தையும் பாருங்கள். உயரமான மேடை மேல் உயரமான அடுப்பு, அதன் மேல் உயரமான பானை என்றால், குட்டையான ஸ்திரீகள் எட்டி எட்டித் துழாவித் தோள்வலிதான் மிச்சமாகும்.

ஐந்தாவது, முத்திரை. ஐ.எஸ். 4246 என்ற எண்ணோடு ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அந்த விதிப்படி அடுப்பு தரும் சூட்டில் 68 சதவிகிதமாவது பாத்திரத்துக்குப் போய்ச் சேர வேண்டும். உங்கள் வீட்டுக்கு வருவது சிலிண்டர் காஸா, குழாய் வழியே வரும் இயற்கை வாயுவா என்பதையும் கடையில் சொல்லுங்கள். இரண்டுக்கும் ஜெட்டின் அளவு வேறு. ஒன்றுக்குச் செய்த அடுப்பை மற்றதில் அப்படியே மாட்டக் கூடாது.

ஆறாவது, குழாய். புது அடுப்புக்குப் பழைய ரப்பர் குழாயை மாட்டுவது, புது மாப்பிள்ளைக்குக் கிழிந்த செருப்பைப் போடுவது போல. உள்ளே கம்பிப் பின்னல் வைத்த 'சுரக்ஷா' குழாயாகப் பார்த்து வாங்குங்கள். நீளம் ஒன்றரை மீட்டருக்கு மேல் வேண்டாம். ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருக்கவும் வேண்டாம். சிலிண்டர் நிமிர்ந்து நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும்.

ஈயச் சொம்பு வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. வெள்ளீயம் சுமார் 232 டிகிரி சூட்டில் உருகி விடும். தண்ணீரோ புளிக்கரைசலோ உள்ளே இருக்கும் வரை அதற்கு ஆபத்தில்லை. வெறும் சொம்பை ஏற்றிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால், ரசத்துக்குப் பதில் பர்னரில் வெள்ளிக் குழம்புதான்! புதிதாக வாங்குகிறவர்கள் அது வெள்ளீயம்தானா என்று நம்பிக்கையான கடையில் கேட்டு வாங்குங்கள். காரீயம் கலந்தால் விஷம்.

* * *

"மின்சாரம் சிக்கனமா, காஸ் சிக்கனமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு சின்னக் கணக்கு. ஒரு சிலிண்டரில் 14.2 கிலோ காஸ் இருக்கிறது. ஒரு கிலோ காஸ் தருகிற சூடு ஏறக்குறைய 12.7 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆகச் சிலிண்டர் முழுவதுக்கும் சுமார் 180 யூனிட். அதில் 68 சதவிகிதம் பாத்திரத்துக்குப் போனால் 122 யூனிட். இண்டக்ஷன் அடுப்பில் 85 சதவிகிதம் போய்ச் சேருவதாக வைத்துக் கொண்டால், அதே சமையலுக்கு ஏறக்குறைய 145 யூனிட் செலவாகும். உங்கள் மின்சாரக் கட்டண ரசீதை எடுத்து, கடைசிப் படியில் ஒரு யூனிட்டுக்கு என்ன விலை கொடுக்கிறீர்கள் என்று பாருங்கள். அதை 145-ஆல் பெருக்கி, சிலிண்டர் விலையோடு ஒப்பிடுங்கள். கடைசிப் படி என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. புதிய அடுப்பு தின்னும் யூனிட், ஏற்கனவே ஓடுகிற விளக்கு, விசிறிகளின் மேல் போய் உட்காருகிறது. படி ஏற ஏற விலையும் ஏறும்.

இன்னும் ஒன்று. 2000 வாட் இண்டக்ஷன் அடுப்பு சுமார் 9 ஆம்பியர் மின்சாரம் இழுக்கும். பழைய வீட்டில் ரேடியோவுக்காக வைத்த சின்னப் பிளக்கில் அதைச் செருகினால் பிளக்கே அடுப்பாகி விடும்! எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பெரிய பிளக்கும் அதற்கேற்ற கம்பியும் போட்டுக் கொள்வது உசிதம். இருதயத்தில் பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் வீட்டில் இருந்தால், டாக்டரைக் கேட்டுக் கொண்டே இண்டக்ஷன் அடுப்பை வாங்குங்கள்.

சிக்கனத்தில் பெரும்பங்கு அடுப்பில் இல்லை, சமைக்கிறவர் கையில் இருக்கிறது என்பதையும் மறக்க வேண்டாம். சுடர் பாத்திரத்தின் விளிம்புக்கு வெளியே எட்டிப் பார்த்தால், சமைவது குழம்பல்ல, சமையலறை. தண்ணீர் ஒரு தடவை தளதளவென்று கொதித்துவிட்டால், தீயை எவ்வளவு பெரிதாக்கினாலும் அதன் சூடு அதற்கு மேல் ஏறாது, ஆவிதான் அதிகமாகும். சிறு தீயில் மூடி வைத்தால் அதே பருப்பு அதே நேரத்தில் வேகும். ஊற வைத்த பயறும், மூடிய பாத்திரமும், தணித்த சுடரும் எந்த அடுப்புக்கும் பொது.

ஒரே அடுப்பை நம்பியிருக்க வேண்டாம் என்பது இன்னொரு யோசனை. 2016 டிசம்பர் 12-ந் தேதி வார்தா புயல் சென்னையில் மரங்களைச் சாய்த்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் வெள்ளம் வந்தபோதும், பல தெருக்களில் நாள் கணக்கில் மின்சாரம் இல்லை. அன்றைக்குக் காஸ் அடுப்பு இருந்த வீட்டில் கஞ்சியாவது கொதித்தது. அதே சமயம், சிலிண்டர் தீர்ந்து அடுத்தது வராத நாட்களில் சின்ன இண்டக்ஷன் அடுப்புதான் மானத்தைக் காப்பாற்றுகிறது. ஒன்று பட்டத்து ராணி, மற்றொன்று துணைக்கு வந்த தங்கை. இரண்டும் சண்டையில்லாமல் ஒரே மேடையில் குடியிருக்கலாம்.

பழைய அடுப்பை என்ன செய்வது? கசிவு உள்ள அடுப்பை "யாருக்காவது உதவட்டும்" என்று தானம் செய்வது புண்ணியமாகாது. அபாயத்தைத் தானம் செய்தவர்களாவோம். பர்னர் பித்தளையானால் தனியாகக் கழற்றிப் பழைய பாத்திரக்காரரிடம் போடுங்கள். அதற்கு விலை உண்டு. மிச்சம் இரும்புக் கடைக்குப் போகட்டும்.

நம் வீடுகளில் அடுப்பை வாங்கப் போகிறவர் ஒருவர், அதன் முன்னால் நிற்கிறவர் இன்னொருவர் என்பதுதான் இத்தனை தொல்லைக்கும் மூலம். விலையை அப்பா பார்க்கிறார். நிறத்தைப் பெண் பார்க்கிறாள். விளம்பரத்தைப் பிள்ளை பார்க்கிறான். தினம் இரண்டு வேளை அதன் சூட்டில் நிற்கிறவரை, "உனக்கு எது சௌகரியம்?" என்று கேட்பவர் யாருமில்லை. சமைப்பது அம்மாவோ, மனைவியோ, சமையல்கார அம்மாளோ, இந்தக் காலத்தில் பல வீடுகளில் ஐயாவேயோ, அவரை முன்னால் விட்டு மற்றவர்கள் பின்னால் போங்கள். கையில் ஒரு நூலும், ஒரு காந்தமும், ஒரு பானையும் இருக்கட்டும். கடைப் பையன் சிரித்தால் சிரிக்கட்டும். அவன் வீட்டிலும் ஓர் அம்மா சமைத்துக் கொண்டுதான் இருப்பாள்.